கழற்றிப் பூட்டத் தெரிய வேண்டும்

நம் சங்கங்கள் பலவற்றில் கணக்கு வேலை கணினிக்கு மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. முந்தானைக்குச் சித்திரம் போடுவதற்கும், விளைபொருளின் சந்தை விலையை அறிவதற்கும் அதையே நாடுகிறோம். ஆயினும் அந்தப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து உள்ளே பார்த்த அங்கத்தினர் நம்மில் எத்தனை பேர்? பாவில் இழை அறுந்தால் நாமே முடிந்துகொள்கிறோம். பம்பு செட்டில் வாஷர் தேய்ந்தால் நாமே மாற்றுகிறோம். கணினி நின்றுவிட்டால் மட்டும் பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை கைகட்டி நிற்கிறோம். உழைக்கும் கருவியை அறிந்து வைத்திருக்கும் நமக்கு இது அழகன்று.

நம் பிள்ளைகள் மேசைக் கணினி ஒன்றை உறுப்பு உறுப்பாக வாங்கித் தாமே பூட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். சங்கம் அதற்கு இடமளிக்க வேண்டும் என்பது நமது கருத்து. பெண்மக்களையும் சேர்த்தே சொல்கிறோம். நூல் எண்ணிப் பழகிய விரல்களுக்கு இது கடினமான வேலையன்று.

பணம் மிச்சமாகும் என்று ஆசை காட்டி இதைச் சொல்லவில்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறிற்று. அத்தகைய வேளையில் கடையில் ஆயத்தமாக விற்கும் கணினியே மலிவாக அமைதலும் உண்டு. மிச்சமாவது அறிவு, பழுதுபார்ப்பவர் சொல்வதை எல்லாம் நம்பித் தலையாட்டும் நிலை ஒழிவது.

நெசவாளருக்கு இந்த யந்திரம் அயலானும் அன்று. 1804-இல் பிரான்சு நாட்டு ஜோசப் மரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்குக் கட்டளையிடும் முறையை அமைத்தார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்திற்கு 1836-இல் அந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார்.

மேசைக் கணினியில் முக்கிய உறுப்புகள் சிலவே: கணக்கிடும் செயலி, அதைக் குளிர்விக்கும் விசிறி, அனைத்தையும் தாங்கும் மதர்போர்டு, நினைவகமாகிய ராம், தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ்., இவற்றை அடக்கும் கேபினெட். சென்னை ரிச்சி தெருவில் இவை யாவும் தனித்தனியே கிடைக்கும். 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறை பரவியதால், ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியில் பொருந்துகிறது. ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5-க்கு உரிய பலகையில் ஏறாது, ஏ.எம்.4 செயலி ஏ.எம்.5 பலகையில் அமராது. சில செயலிகளில் படம் காட்டும் பகுதியே கிடையாது. அவற்றை வாங்கினால் தனி கிராபிக்ஸ் கார்டுக்கும் செலவழிக்க நேரும். ஆகவே காசை எடுக்குமுன் காகிதத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதி வேலை. எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டா. மட்டமானது கெட்டால் மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும்.

கைவேலையில் அறிய வேண்டியது, எங்கே அழுத்தலாகாது, எங்கே அழுத்த வேண்டும் என்பதே. செயலியை அதன் மூலைக் குறியைப் பார்த்து மெல்ல வைத்தால் தானே அமரும். பலவந்தம் செய்தால் நுண்ணிய ஊசிகள் வளைந்து பொருள் பாழாகும். நினைவகமோ இதற்கு நேர்மாறு. கொக்கி ‘கிளிக்’ என்று விழும்வரை அழுத்தாவிடின் சரியாகப் பொருந்தாது. வேலையைத் தொடங்குமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலில் தேங்கிய மின்னேற்றத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. மின் இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

முதன்முறை விசையைப் போட்டதும் திரை இருண்டிருந்தால் கலங்க வேண்டியதில்லை. டி.டி.ஆர்.5 நினைவகத்தைப் பலகை பரிசோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆவதுண்டு. அதன் பின்னும் ஒளி வராவிடின், மின் இணைப்பை நீக்கிவிட்டு, நினைவகம் முழுதும் அமர்ந்ததா, செயலிக்கு அருகே செருக வேண்டிய தனி மின்கம்பி செருகப்பட்டதா என்று பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விரண்டிலேதான்.

“பழுதானால் யார் பொறுப்பு?” என்று நிர்வாகக் குழுவில் கேட்பார்கள், நியாயமான கேள்வியே. உறுப்புகளாக வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதம். எது கெட்டது என்று கண்டறியும் பொறுப்பு நம்முடையது. ஆதலால் கணக்கு ஏறும் கணினியை முதற் பயிற்சிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. சங்கத்தின் பண்டகசாலை மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்டி இருக்குமாயின், தீர்மானம் நிறைவேற்றி அதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். நான்கைந்து முறை கழற்றிப் பூட்டிக் கை தேர்ந்த பின் புதிய உறுப்புகளை வாங்கித் தரலாம். பழைய பெட்டியில் உள்ள ஹார்டு டிஸ்க்கில் அங்கத்தினரின் வரவுசெலவு பதிந்திருக்கும். அதை முதலில் கழற்றிக் காரியதரிசி தம் பொறுப்பில் பூட்டி வைத்த பின்னரே பெட்டி பண்டகசாலையை விட்டு வெளியே வர வேண்டும்.