ஸ்பேனருக்கு வழி விடுங்கள்

சென்னையில் ஐம்பது, அறுபது வயதான கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் காட்சி பழகியிருக்கும். வண்டிக்கு அடியில் மெக்கானிக் மல்லாந்து கிடக்கிறார். சைலன்சருக்குள் பைப் நுழையும் இடத்தில் கரிப்பிடித்த கறை. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ‘டப் டப்’ என்று அங்கிருந்து புகை பிரிகிறது. “கிளாம்ப்பெல்லாம் எதுக்கு சார்? சுத்தி ஒரு வெல்டிங் அடிச்சு விட்டுடறேன், ஜென்மத்துக்கும் லீக் ஆகாது” என்கிறார் அவர். உரிமையாளர் தலையாட்டுகிறார். கால் மணி நேரத்தில் சத்தம் அடங்கி, வண்டி வீடு போய்ச் சேர்கிறது.

இரண்டு வருடம் கழித்துப் பின் ஆக்சிலில் ஏதோ வேலை வருகிறது. குழாய் குறுக்கே நிற்கிறது. முன்பு இரண்டு நட்டைக் கழற்றினால் தனித்தனியாகப் பிரிந்து வந்த சாமான், இப்போது எஞ்சினிலிருந்து வண்டியின் வால் வரை ஒரே துண்டு. வளைந்து நெளிந்து போகும் அந்த நீளத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளியே எடுக்க முடியாது. கிரைண்டர் வருகிறது, குழாய் அறுபடுகிறது, பிறகு அறுத்த இடத்தில் இன்னொரு வெல்டிங்.

பழைய கார்க்காரர்கள் நடுவே ‘வெல்டிங்கா, கிளாம்ப்பா’ என்ற வாதம் ஓய்வதில்லை. தினமும் ஓடித் தேய்ந்து பத்து வருடத்தில் காயலான் கடைக்குப் போகும் வண்டிக்கு எதைச் செய்தாலும் பெரிய நஷ்டமில்லை. இன்னும் முப்பது வருடம் பாதுகாக்க வேண்டிய வண்டிக்குக் கணக்கு வேறு. வெல்டிங் வேலை பட்டறை மேசையோடு நிற்க வேண்டும். காருக்கு அடியில் குழாயும் குழாயும் சேரும் இடங்களில் கிளாம்ப்போ, போல்ட் போட்ட ஃபிளாஞ்சோதான் இருக்க வேண்டும்.

இதற்குச் சென்னையிலேயே பிறந்த ஒரு கார் நல்ல சாட்சி. பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி வடிவமைத்த கார் அது. மற்ற நிறுவனங்கள் ஒரே கூடாக பாடி கட்டத் தொடங்கிவிட்ட காலத்தில், ஹெரால்டு தனி சேஸியும் அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டிய பாடியுமாக வந்தது.

அதற்கு ஒரு கதை உண்டு. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாததால், பாகங்களை வெவ்வேறு ஆலைகளில் செய்து கடைசியில் போல்ட்டால் சேர்த்தார்கள். அந்த நெருக்கடியில் பிறந்த வடிவம், பெட்டிகளில் பாகங்களை அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதற்கும் வசதியாகிவிட்டது. பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டுகூடச் சென்னையில் தயாரானது. பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். ஸ்பேனர் வைத்திருப்பவனை நினைத்துக் கட்டிய கார் என்று அதைச் சொல்லலாம். அதன் வயிற்றுக்கு அடியில் மட்டும் ஸ்பேனருக்கு இடமில்லாமல் வெல்டிங் அடிப்பது அந்தக் காரின் சுபாவத்துக்கே விரோதம்.

சுபாவம் கிடக்கட்டும், இயற்பியல் என்ன சொல்கிறது?

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. எஞ்சினோடு பூட்டப்பட்ட குழாயும் கூடவே ஆடும். வெப்பம் இன்னொரு கணக்கு. சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) குழாய் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 12 மைக்ரான் நீளும். 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் 17 மைக்ரான் வரை நீளும். இரண்டு மீட்டர் குழாயின் வெப்பநிலை 300 டிகிரி ஏறினால் எம்.எஸ். 7 மில்லிமீட்டரும், எஸ்.எஸ். 10 மில்லிமீட்டரும் வளர்ந்திருக்கும். வண்டி நின்று ஆறியதும் பழைய நீளத்துக்குத் திரும்பும்.

இந்த ஆட்டத்தையும் நீட்சியையும் ஏதோ ஒன்று தாங்கியாக வேண்டும். தொங்கவிடும் ரப்பர் நன்றாக இருந்தால் அது தாங்கும். ஆனால் பல பட்டறைகளில் ரப்பர் கிடைக்கவில்லை என்று ஓர் இரும்புக் கம்பியை வளைத்து, ஒரு முனையைச் சைலன்சரிலும் மறுமுனையைச் சேஸியிலும் வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். அப்புறம் குழாய் அசைய வழியில்லை. எஞ்சின் ஆடுகிறது, குழாய் மறுக்கிறது. இழுபறியில் பலவீனமான இடம் விரியும். பெரும்பாலும் அது வெல்டிங்கின் ஓரமாக இருக்கும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் குழாய் எஞ்சினோடு சேரும் மேனிஃபோல்டாக இருக்கும். அது வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் எளிதில் ஒட்டாது, பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் மாற்று கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

துருவும் இந்த வழக்கில் ஒரு கட்சி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பழைய கார்கள் ஓடுவதோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைவரை ஒரு நடை. குழாய் முழுதாகச் சூடாவதற்குள் வீடு திரும்பி, அடுத்த ஞாயிறுவரை ஷெட்டில் நிற்கும். உள்ளே தேங்கிய நீர், புகையிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து சைலன்சரை உள்ளிருந்தே தின்னும். ஆக, பழைய காரின் சைலன்சர் என்றாவது மாற்றப்பட வேண்டிய பொருள்தான். மாற்றப்போகும் பொருளை நிரந்தரமாக ஒட்டிவைப்பதில் என்ன லாபம்? போதாக்குறைக்கு வெல்டிங் சூட்டில் குழாயின் மேல்பூச்சு கருகிவிடுவதால், எம்.எஸ். குழாயில் முதல் துரு அந்தத் தையலை ஒட்டியே தொடங்குகிறது.

வெல்டிங் கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஒழுங்காக அடித்த வெல்டிங் ஒழுகாது, தளராது, எடையும் குறைவு. கிளாம்ப்பின் போல்ட் கீழே துருத்திக்கொண்டு நம் ஊர் வேகத்தடையில் உரசும். இவை எல்லாமே உண்மை.

கிளாம்ப்மீது அவர்களுக்கு இருக்கும் வெறுப்புக்கும் நியாயம் இருக்கிறது. கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது ‘யு’ கிளாம்ப். யு வடிவக் கம்பி, ஒரு தாங்கி, இரண்டு நட்டு. இறுக்கினால் அது மேல் குழாயைக் கடித்து, பள்ளம் விழவைத்து, உள் குழாயையும் சேர்த்து நசுக்கும். கொஞ்ச நாளில் துருவும் ஏறினால் இரண்டு குழாயும் பிரியவே பிரியாது. நட்டைக் கழற்றினாலும் அறுக்கத்தான் வேண்டும். அதாவது, மட்டமான கிளாம்ப் என்பது மட்டமான வெல்டிங்கின் தம்பி.

நல்ல கிளாம்ப் வேறு ஜாதி. அகலமான எஸ்.எஸ். பட்டையாக வரும் பேண்டு கிளாம்ப், குழாயைச் சுற்றிச் சமமாக அழுத்துகிறது. பள்ளம் விழாது, கழற்றினால் குழாய் குழாயாகவே இருக்கும். இன்னும் ஒரு படி மேலே வி-பேண்டு கிளாம்ப். இரண்டு குழாய்களின் முனையிலும் வளையம் ஒன்றை வெல்டிங் அடித்து, வளையங்களை முகத்தோடு முகம் வைத்து, மேலே ஒரு பட்டையைப் பூட்டுவார்கள். ஒரே நட்டு, ஒரே ஸ்பேனர். வெல்டிங்கின் உறுதியும் கிளாம்ப்பின் வசதியும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. சண்டையை முடித்துவைக்கும் சாமான் அது. வளையங்களை வண்டிக்கு வெளியே மேசைமேல் வைத்து அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

மேசை ஏன் இவ்வளவு முக்கியம்? மல்லாந்து படுத்துக்கொண்டு குழாயின் மேல்பக்கத்தை வெல்டிங் அடிக்க யாராலும் சரியாக முடியாது. கண்ணுக்குத் தெரியும் கீழ்ப்பாதி அழகாக இருக்கும். சேஸிக்கும் குழாய்க்கும் நடுவே மறைந்த மேல்பாதி ஓட்டையாகவே இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள குழாயில் ஆர்க் வெல்டிங் ராடு ஒரு நொடி கூடுதலாக நின்றால் புது ஓட்டை. எஸ்.எஸ். குழாய் என்றால் டிக் வெல்டிங்கின்போது உள்பக்கமும் ஆர்கான் வாயு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கருகிப் பொருக்குத்தட்டி, எஸ்.எஸ்ஸின் துருப்பிடிக்காத குணமே போய்விடும். வண்டிக்கு அடியில் இதற்கெல்லாம் வசதி ஏது? சில இடங்களில் மலிவு என்று தண்ணீருக்கு உபயோகிக்கும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பையே வளைத்து மாட்டுகிறார்கள். அதன்மீது வெல்டிங் அடித்தால் கிளம்பும் துத்தநாகப் புகை, அடிப்பவருக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும்.

பிறகு தீ. ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது. தரைக்கு அடியில் பூசிய தார்ப்பூச்சு, ஐம்பது வருட கிரீஸ், பெட்ரோல் பைப் எல்லாமே தீப்பொறி தெறிக்கும் தூரத்தில்தான். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டி என்றால், பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் டயோடுகளும் போகலாம்.

லீக்கைச் சும்மா விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பழைய கார்ப்பரேட்டர் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. புகைச் சோதனை விதிகளே பழைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் 3 சதவீதம்வரை கார்பன் மோனாக்சைடை அனுமதிக்கின்றன. மூச்சுவிடும் காற்றில் 1 சதவீதம் கலந்தாலே சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து. நிறமும் வாசனையும் இல்லாத அந்த வாயு, காய்ந்துபோன ரப்பர் வளையங்களின் இடுக்கு வழியாகக் கேபினுக்குள் ஏறிவிடும். லீக்கை உடனே அடைக்க வேண்டும். கழற்றக்கூடிய வகையில் அடைக்க வேண்டும்.

பாரம்பரிய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா, தன் டுரின் சாசனத்தில் பழைய வண்டியில் செய்யும் மாற்றம் இயன்றவரை திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவிலும் 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகள் ‘வின்டேஜ்’ என்று பதிவு பெறலாம். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். ஹெரால்டுகள் எல்லாம் வயதில் தேறிவிட்டன. சைலன்சர் மாற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சைலன்சரைத் தொங்கவிட சேஸியில் கண்டபடி கம்பியை ஒட்டவைத்தால், பிற்பாடு அதைக் கிரைண்டர் வைத்துச் சீவும்போது சேஸியும் சேர்ந்து தேயும்.

வெளியில் செய்த சைலன்சரை மாட்டப்போகிறவர்கள் பட்டறையில் சில விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். வளைவுகளையும் தொங்கும் கொக்கிகளையும் மேசையில் வெல்டிங் அடிக்கட்டும். குழாயைக் குறைந்தது மூன்று துண்டுகளாகச் செய்யட்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலம் உள்ளே போகட்டும். மேனிஃபோல்டு ஸ்டட்டில் இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு போட்டால் பத்து வருடம் கழித்தும் கழன்று வரும். போல்ட்களில் காப்பர் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். கிளாம்ப்பின் போல்ட் முனை பக்கவாட்டிலோ மேலேயோ இருந்தால் வேகத்தடை தொடாது. எல்லாவற்றையும் முதலில் லூஸாக மாட்டி, ரப்பரில் தொங்கவிட்டு, எதுவும் சேஸியில் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, குழாய் நன்றாக ஆறியதும், அதே நட்டுகளுக்கு ஸ்பேனரை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள்.