வலிப்பு நடனம் இல்லீங்க, சாவு கலையும் இல்லீங்க

மே 18 வந்தா போதும், நம்ம ஆளுங்களுக்குக் கை பரபரன்னு ஆயிடும். கறுப்பு வெள்ளையில ஒரு ஒல்லிப் பையன் படம். மேல "23 வயதில் விடைபெற்ற மகாகலைஞன்", கீழ "வலியே அவன் மொழி" அப்படின்னு ரெண்டு வரி. பின்னூட்டத்துல ஒருத்தர் வந்து, செத்துப் போனதாலதான் அந்தப் பாட்டுக்கே ஒரு கனம் வந்துச்சுன்னு ஒரு போடு போடுவாரு. அதுக்குக் கீழ நாலு பேரு "அருமை தல", "ரிப்பீட்டேய்".

இந்த "அருமை தல" மேலதான் எனக்குக் கோபம்.

தெரியாதவங்களுக்காக: ஜாய் டிவிஷன், இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்து இசைக்குழு. 1976-ல ஆரம்பிச்சாங்க. இயான் கர்ட்டிஸ் பாட்டு, பெர்னார்ட் சம்னர் கிடார், பீட்டர் ஹுக் பேஸ் கிடார், ஸ்டீஃபன் மோரிஸ் டிரம்ஸ். இவங்க இசைக்கு கோத்திக்ங்கிற அடைமொழி 1979-லயே ஒட்டிக்கிச்சு. கறுப்பு டி-ஷர்ட்ல மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள் பார்த்திருப்பீங்களே, அது இவங்க முதல் ஆல்பத்தோட அட்டைப்படம். 1967-ல கண்டுபிடிச்ச முதல் பல்சார் நட்சத்திரத்தோட சிக்னல் வரைபடம் அது. 1980 மே 18, முதல் அமெரிக்கப் பயணத்துக்கு விமானம் ஏற ஒரு நாள் இருக்கறப்போ, இயான் தற்கொலை பண்ணிக்கிட்டார்.

இதுவரைக்கும் எல்லாப் பதிவுலயும் இருக்கு. இல்லாததைச் சொல்றேன்.

இயானுக்குக் கால்-கை வலிப்பு. 1978 டிசம்பர்ல லண்டன் கச்சேரி முடிச்சுத் திரும்பறப்போ கார்லயே பெருசா வந்துச்சு, 1979 ஜனவரியில டாக்டருங்க உறுதி பண்ணாங்க. அதுக்கு முன்னாடி அவர் வேலை பார்த்தது அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துல, உடல் ஊனமுள்ளவங்களுக்கு வேலை தேடித் தர்ற பிரிவு. அங்க வந்து போன ஒரு பொண்ணுக்கு வலிப்பு. அதுலயே அந்தப் பொண்ணு இறந்து போச்சு. அந்தப் பாதிப்புல எழுதினதுதான் அவங்களோட பிரபலமான பாட்டுல ஒண்ணு. அதாவது தனக்கும் அதே நோய்னு தெரியறதுக்கு முன்னாடியே எழுதினது. அடுத்தவங்க கஷ்டத்தைப் பார்த்துப் பதறின மனுஷன் சார் அவர். சும்மா மூலையில உக்கார்ந்து இருட்டை ரசிச்சுக்கிட்டு இருந்த ஆள் இல்ல.

வலிப்பு உள்ளவங்க நேரத்துக்குத் தூங்கணும், குடிக்கக்கூடாது, சிலருக்குப் பளிச் பளிச்னு மின்னுற வெளிச்சமும் ஆகாது. ராக் குழு வாழ்க்கை இது மூணுக்கும் நேர் எதிர். அந்தக் காலத்து வலிப்பு மாத்திரைங்க வேற மனசைப் போட்டு அமுக்கும். மேடையில கை காலை வெட்டி வெட்டி ஆடுறது அவர் பாணி. சில ராத்திரி அந்த ஆட்டம் நிஜ வலிப்பாவே மாறும். கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது, கை தட்டும்.

1980 ஏப்ரல் 4. ஒரே ராத்திரி லண்டன்ல ரெண்டு இடத்துல கச்சேரி, ரெண்டுலயும் வலிப்பு. அடுத்த சில நாள்லயே ஒரு தற்கொலை முயற்சி, ஆஸ்பத்திரி. ஏப்ரல் 8, பரி ஊர்ல கச்சேரி. ரத்து பண்ணாங்களா? இல்ல. இயானையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவர் கொஞ்சம் பாடினார், மிச்சத்துக்கு வேற பாடகருங்க. கூட்டம் கடுப்பாகி பாட்டில் வீசி, கலவரமே ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஏப்ரல்ல சில கச்சேரிங்களை நிறுத்தினாங்க. அமெரிக்கப் பயணத்தை நிறுத்தல.

குழுவுல இருந்தவங்களைத் திட்ட நான் வரல. எல்லாருக்கும் அப்ப 22, 24 வயசு. கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு இயானே சொல்லுவார். அதை நம்பறதுதான் எல்லாருக்கும் வசதியா இருந்துச்சு. ஹுக் பின்னாடி எழுதின புத்தகத்துல இதைச் சொல்லி வருத்தப்படறார். வரிகளை உக்கார்ந்து ஒழுங்காக் கேட்டதே அவர் போனதுக்கு அப்புறம்தான்னு மோரிஸ் சொல்லியிருக்கார்.

இதைவிட ஒரு சங்கதி இருக்கு. ரெண்டாவது ஆல்பத்தோட வரிகளைக் கேட்டுட்டு, இயானுக்கு நெருக்கமா இருந்த ஆனிக் ஓனோரேங்கிற பெல்ஜியப் பெண் பயந்து போய், இவன் நிஜமாவே சொல்றான்னு டோனி வில்சன் கிட்ட சொல்லியிருக்காங்க. டோனி வில்சன் யாரு? ஆல்பத்தை வெளியிட்ட ஃபாக்டரி கம்பெனியோட முதலாளி. அவர் என்ன சொன்னாராம்? அதெல்லாம் கலைதானேன்னாராம். இதைப் பிற்பாடு ஊருக்கெல்லாம் சொன்னவரே அவர்தான்.

இப்ப உங்க பதிவை எடுத்து இது பக்கத்துல வைங்க. "வலியே அவன் மொழி"ங்கறதுக்கும் "அதெல்லாம் கலைதானே"ங்கறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒருத்தன் காப்பாத்துங்கன்னு கத்தறான், நாம சுருதி சுத்தமா இருக்குன்னு சபாஷ் போடறோம். அன்னிக்கு அவங்களுக்காவது என்ன ஆகும்னு தெரியாது. முடிவு தெரிஞ்சும் நாற்பது வருஷத்துக்கு மேல நாம அதையே பண்ணிட்டு இருக்கோம்.

"இருந்தாலும் அந்த சோகம் இல்லேன்னா அந்தப் பாட்டு இல்லையே?"ன்னு அறிவுஜீவி அண்ணாச்சி ஒருத்தர் கிளம்புவாரு. அண்ணாச்சி, கணக்கைப் பாருங்க. முதல் ஆல்பம் வந்தது 1979 ஜூன்ல. இயான் உசுரோட இருந்தார். விமர்சகருங்க அப்பவே தூக்கி வச்சு எழுதிட்டாங்க. ரெண்டாவது ஆல்பம் 1980 ஜூலையில வெளிவந்தாலும், பாடிப் பதிவு பண்ணி முடிச்சது மார்ச் மாசமே. சாவு ஒரு சுரம்கூட சேர்க்கல.

அந்த இருட்டுச் சத்தம் எங்கிருந்து வந்துச்சு? வேலையிலிருந்து வந்துச்சு. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், மோரிஸை டிரம்ஸ்ல ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா வாசிக்க வச்சுப் பதிவு பண்ணினார். சம்னரோட கிடார் சத்தத்துல தன் பேஸ் தனக்கே கேக்கலன்னு ஹுக் மேல் ஸ்தாயிக்கு ஏறி வாசிச்சார், அதுவே அவங்க அடையாளம் ஆயிடுச்சு. நாலு பேர் உழைப்பும் ஒரு தயாரிப்பாளரோட பிடிவாதமும் சேர்ந்ததை ஒருத்தரோட சாவுக்குக் கீழ போட்டு மூடறது அநியாயம் இல்லையா?

மிச்சம் மூணு பேர் என்ன பண்ணாங்க? ஒருத்தர் விலகினாலும் இந்தப் பேரு வேணாம்னு முன்னாடியே பேசி வச்சிருந்தாங்க. அந்தப் பேரை விட்டுட்டு, நியூ ஆர்டர்னு புதுசா ஆரம்பிச்சாங்க. கில்லியன் கில்பர்ட் வந்து சேர்ந்தாங்க. சம்னர் பாடக் கத்துக்கிட்டார். 1983-ல வந்த 'ப்ளூ மண்டே' உலகத்தையே ஆட வச்சுது. உசுரோட இருந்து, தடுமாறி, கத்துக்கிட்டு, திரும்ப எழுந்து நின்ன இந்தக் கதைக்கு நம்ம பக்கத்துல எத்தனை அஞ்சலிப் பதிவு? ஹூம்... செத்தாத்தான் நமக்கு கவிதை வரும் போல.

அடுத்த மே 18-க்கும் பதிவு போடுங்க, வேணாம்னு சொல்லல. பாட்டைப் பத்தி எழுதுங்க, நாலு பேர் பேரையும் எழுதுங்க. வலிப்பை வலிப்புன்னு எழுதுங்க. அப்பாவைத் தெரியாமலே வளர்ந்த, அப்ப ஒரு வயசான பொண்ணு ஒண்ணு வீட்டுல இருந்துச்சுன்னும் எழுதுங்க.

இன்னொண்ணு. நம்ம நண்பர்கள்லயே யாராவது தொடர்ந்து சாவைப் பத்தியே கவிதை போட்டுக்கிட்டு இருந்தா, "செம வரிகள்"னு பின்னூட்டம் போட்டுட்டு அடுத்த பதிவுக்குத் தாவாதீங்க. தனிமடல்ல "என்னாச்சுப்பா, நல்லா இருக்கியா?"ன்னு கேளுங்க. நல்லாத்தான் இருக்கேன்னு பதில் வரும். இன்னொரு தடவை கேளுங்க.