லீக் வயது

வயது என்பது ஒன்றுதான் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் நம் வீடுகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வயது உண்டு. பாட்டியைக் கேட்டால், "ஐப்பசி பிறந்தால் பதினொன்று முடிகிறது" என்று நட்சத்திரத்தோடு சொல்வாள். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் வேறு கணக்கு இருக்கும். அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள், ஜூன் மாதத்தில் சேர்க்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று மே மாதத்தில் ஒரு தேதியை எழுதி, எத்தனையோ பேருக்குப் புதுப் பிறந்த நாளே தந்திருக்கிறார்கள். ரயிலில் அரை டிக்கெட் வாங்கும்போது அப்பா சொல்லும் வயது மூன்றாவது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இந்த மூன்றும் போதாதென்று அமெரிக்காவில் நான்காவதாக ஒரு வயதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கு 'லீக் வயது' என்று பெயர். அங்கே ஸாஃப்ட்பால் ஆட வரும் சிறுமி உண்மையில் எத்தனை வயதுக்காரி என்பது இரண்டாம் பட்சம். குறிப்பிட்ட ஒரு தேதியில் அவளுக்கு எத்தனை வயது என்பதுதான் கேள்வி. அந்தத் தேதி அவளுடைய தலையெழுத்தை எப்படியெல்லாம் மாற்றுகிறது என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

ஸாஃப்ட்பால், பேஸ்பாலுக்குத் தங்கை முறை. 1887-ல் சிகாகோ நகரத்துப் படகுக் கழகம் ஒன்றில், குளிர் காலத்தில் கூரைக்குக் கீழே ஆடுவதற்காகத் தோன்றிய விளையாட்டு. பந்து பேஸ்பாலைவிடப் பெரியது. பந்து எறிபவர் தோளுக்கு மேலிருந்து வீசாமல், கையைக் கீழாகச் சுழற்றி எறிவார். இன்று அமெரிக்காவில் பெண் குழந்தைகள் மிகவும் விரும்பி ஆடும் ஆட்டங்களில் இது ஒன்று. சிறுவர்களின் பேஸ்பாலை நடத்தி வந்த லிட்டில் லீக் அமைப்பு, 1974-ல் சிறுமிகளுக்காக ஸாஃப்ட்பாலையும் தொடங்கியது. 1996-ல் பெண்கள் ஸாஃப்ட்பால் ஒலிம்பிக் பந்தயத்துக்கே போய்விட்டது.

குழந்தைகளை வயதுவாரியாகப் பிரித்துத்தான் ஆட விடுகிறார்கள். பத்து வயது வரை ஒரு பிரிவு. பன்னிரண்டு வரை ஒரு பிரிவு. பிறகு பதினான்கு, பதினாறு, பதினெட்டு. பத்து வயதுப் பிரிவில் பந்தின் சுற்றளவு 11 அங்குலம். 35 அடி தூரத்திலிருந்து எறிவார்கள். பன்னிரண்டு வயதுப் பிரிவில் பந்து 12 அங்குலம். தூரம் 40 அடி. சின்னக் கைக்குச் சின்னப் பந்து என்ற ஏற்பாடு நியாயமானதுதான். பதிமூன்று வயதுப் பெண் வேகமாக எறியும் பந்தை எட்டு வயதுக் குழந்தையின் முன்னே விட முடியுமா?

ஆகவே எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அமெரிக்க ஸாஃப்ட்பால் சங்கங்களில் நெடுங்காலம் வழங்கி வந்த கோடு டிசம்பர் 31. அன்றைக்கு என்ன வயதோ, அடுத்த ஆண்டு ஆட்டத்துக்கெல்லாம் அதுதான் வயது.

இப்போது இரண்டு குழந்தைகளை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஒருத்தி 2007 டிசம்பர் 31 இரவு பிறந்தவள். இன்னொருத்தி சில மணி நேரம் கழித்து, 2008 ஜனவரி 1 விடியற்காலையில் பிறந்தவள். ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்திருந்தாலும் கிடந்திருக்கலாம். 2019-ஆம் வருஷத்து ஆட்டத்துக்கு இருவரும் பெயர் கொடுக்கிறார்கள். 2018 டிசம்பர் 31 அன்று முதல் குழந்தைக்கு வயது பதினொன்று. அவள் பன்னிரண்டு வயதுப் பிரிவில் பெரிய பந்தை எதிர்த்து நிற்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு அன்று பத்துதான். அவள் சின்னப் பிரிவில், எல்லாரிலும் மூத்தவளாகச் சட்டமாக ஆடுவாள்!

முதல் குழந்தையின் கஷ்டம் இதோடு முடியவில்லை. அவள் சேர்ந்திருக்கும் பிரிவில் 2006 ஜனவரி 1-ல் பிறந்த பெண்ணும் இருக்கலாம். ஒரு நாள் குறைவாக முழுசாக இரண்டு வருஷம் மூத்தவள். நாற்பது வயதுக்காரிக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்லிக் கொள்ள மாட்டோம். பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே அப்படியா? பெண் குழந்தைகள் மளமளவென்று வளரும் காலமே அதுதான்.

"ஏதோ விளையாட்டு, போனால் போகட்டும்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கனடா தேசத்தில் ஓர் அம்மாள் அப்படி நினைக்கவில்லை.

ரோஜர் பார்ன்ஸ்லி என்பவர் மனோதத்துவப் பேராசிரியர். 1980-களில் ஒரு நாள் அவரும் மனைவி பாலாவும் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போனார்கள். ஆட்டக்காரர்களின் பெயர், உயரம், எடை, பிறந்த தேதி எல்லாம் அச்சடித்த சிறு புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைப் புரட்டிக் கொண்டிருந்த பாலா அம்மாள்தான் சட்டென்று கவனித்தார். இந்தப் பையன்களில் இத்தனை பேர் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிறந்திருக்கிறார்களே, இது என்ன விந்தை?

பேராசிரியர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தார். எந்த உயர்ந்த அணியை எடுத்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். நூற்றுக்குச் சுமார் 40 பேர் வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். அடுத்த மூன்று மாதங்களில் 30, அதற்கடுத்து 20, கடைசி மூன்று மாதங்களில் வெறும் 10. 1985-ல் இந்தக் கணக்கு ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. முதலில் கவனித்த கண் மனைவியுடையது!

ஜாதக விசேஷம் ஒன்றுமில்லை. கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு வயதுக் கோடு ஜனவரி 1. அன்று பிறந்த பையன் தன் பிரிவில் எல்லாருக்கும் மூத்தவன். எட்டு ஒன்பது வயதில் அவன் சற்று உயரமாக இருப்பான். சற்றுப் பலசாலியாகவும் இருப்பான். தேர்வு செய்கிறவர் கண்ணுக்கு, "பையன் கெட்டிக்காரன்" என்று படும். நல்ல அணியில் போடுவார். அங்கே நல்ல பயிற்சி, அதிக ஆட்டம், தட்டிக் கொடுக்கப் பெரியவர்கள். நாலு வருஷம் கழித்துப் பார்த்தால் அவன் நிஜமாகவே கெட்டிக்காரனாகி விடுகிறான். டிசம்பரில் பிறந்தவனோ பெஞ்சியில் உட்கார்ந்து உட்கார்ந்து, "நமக்கு இது வராது" என்று தீர்மானித்து வீட்டுக்குப் போய்விடுகிறான். முதலில் இருந்த வித்தியாசம் சில மாதங்கள்தான். மீதியைப் பெரியவர்கள் செய்தார்கள்.

கோட்டை நகர்த்தினால் என்ன ஆகும்? அதையும் பார்த்திருக்கிறார்கள். லிட்டில் லீக் பேஸ்பாலில் 2005 வரை கோடு ஜூலை 31. அதனால் அமெரிக்காவில் பிறந்து தொழில்முறை பேஸ்பாலின் உச்சிக்குப் போனவர்களில், ஜூலையில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்கள் மிகவும் அதிகம். கனடாவில் ஜனவரி செய்த வேலையை இங்கே ஆகஸ்டு செய்தது. 2006-ல் கோட்டை ஏப்ரல் 30-க்குக் கொண்டு போனார்கள்; 2018-ல் ஆகஸ்டு 31-க்கு. ஸாஃப்ட்பால் சங்கங்கள் சிலவும், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படிக்கும் பெண்கள் ஒரே அணியில் ஆடட்டும் என்று, டிசம்பரை விட்டு ஆகஸ்டு கடைசிக்கு மாறியிருக்கின்றன. ஒவ்வொரு தடவை கோடு நகரும்போதும் சில தாய்மார்கள் பெருமூச்சு விடுகிறார்கள்; வேறு சில தாய்மார்கள் சண்டைக்கு வருகிறார்கள். நேற்றுவரை மூத்தவளாக இருந்த குழந்தை ஒரே நாளில் இளையவளாகி விடுகிறதல்லவா?

கோடு இருக்கும் இடத்தில் அதைத் தாண்ட நினைப்பவர்களும் இருப்பார்கள். 2001-ல் நியூயார்க் நகரத்துச் சிறுவன் ஒருவன் லிட்டில் லீக் உலகப் போட்டியில் பந்து எறிந்து தேசத்தையே திகைக்க வைத்தான். எதிர் அணியில் ஒருவரைக்கூட முதல் தளத்துக்குப் போக விடாமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தான். 1957-க்குப் பிறகு அந்த உலகப் போட்டியில் யாரும் செய்யாத காரியம். பிறகு, அவன் பிறந்த டொமினிக்கன் குடியரசில் பிறப்புப் பதிவைத் தேடிப் பார்த்தார்கள். பன்னிரண்டு என்று சொன்ன பையனுக்கு வயது பதினான்கு! அணி பெற்ற வெற்றிகளெல்லாம் செல்லாது என்று ஆயிற்று. பையனின் பெயர் நமக்கு எதற்கு? பிறந்த தேதியை மாற்றியது அவனல்ல, பெரியவர்கள். அவமானம் மட்டும் அவன் தலையில் விழுந்தது.

ஆகவே பிறப்புச் சான்றிதழும் வேண்டும், கோடும் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கே போட்டாலும் ஒரு குழந்தை கோட்டுக்கு இந்தப் பக்கம் கடைசியாக நிற்கும். கோட்டைப் போட்டுவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோய்க் குழந்தைக்கு மார்க் போடுகிறோமே, தப்பு அங்கேதான் இருக்கிறது.

மறக்காமல் இருக்க வழி உண்டா என்று சிலர் சோதித்துப் பார்த்தார்கள். 2017-ல் நெதர்லாந்திலிருந்து வெளியான ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கால்பந்தாட்டத்துக்குப் பையன்களைப் பொறுக்குவதையே வேலையாகக் கொண்டவர்களை உட்கார வைத்து, சிறுவர்களின் ஆட்டம் ஒன்றைக் காட்டினார்கள். வயது விவரம் தெரியாதவர்கள், மூத்த பையன்களையே உயர்வாக மதிப்பிட்டார்கள். வேறு சிலரிடம் பிறந்த தேதிகளைக் காகிதத்தில் கொடுத்தார்கள். அப்போதும் அதே கதை! தெரிந்திருந்தும் கண் ஏமாந்தது. மூன்றாவது கூட்டத்தாருக்குக் காட்டிய ஆட்டத்தில், சட்டை நம்பரையே வயது வரிசைப்படி போட்டிருந்தார்கள். இந்தத் தடவை பாரபட்சம் மறைந்து விட்டது. பெரிய பையன் கோல் அடித்தபோதெல்லாம், அவன் முதுகிலிருந்த நம்பர், "இவன் மூத்தவன், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிக் கொண்டே இருந்ததல்லவா?

இங்கிலாந்தில், பிறந்த தேதியை ஒதுக்கி வைத்துவிட்டு, உடல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கும் கால்பந்துப் போட்டிகளையும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நியூஸிலாந்தில் சிறுவர்களின் ரக்பி ஆட்டத்தில் எடையைப் பார்த்துப் பிரிக்கும் வழக்கமும் உண்டு. ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்தி பத்து வயதிலேயே பெரிய மனுஷியாகி விடுகிறாள். மற்றவளுக்குப் பதினான்கு ஆகிறது. இதைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெண்களின் விளையாட்டுகளில் இந்த மாதக் கணக்கின் பாதிப்பு ஆண்களுடையதைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். எனக்கென்னவோ எண்ணிக்கையைவிட, அந்தக் குழந்தை மனத்துக்குள் எடுத்துக் கொண்டு போகும் தீர்ப்புதான் பெரிதாகத் தோன்றுகிறது. "உனக்குத் திறமை இல்லை" என்று பத்து வயதில் கேட்ட வார்த்தையை ஐம்பது வயதிலும் சுமந்து கொண்டிருக்கும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இதில் ஆறுதலான சங்கதி ஒன்றும் உண்டு. வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் 1980 முதல் 2006 வரை தேர்வான ஆட்டக்காரர்களைப் பற்றி 2013-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. வருஷத்தின் பிற்பகுதியில் பிறந்து, அத்தனை சல்லடையிலும் தப்பித்து மேலே வந்தவர்கள், தேர்வாளர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே சாதித்தார்களாம். மைதானத்தை விட்டுப் போகாமல் நின்றவர்களின் கதை இது. குழந்தையை நிற்க வைப்பது யார்? வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தானே?

நம் ஊரிலும் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடக்கும் பந்தயங்களில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று கோடுகள் இருக்கின்றன. கிரிக்கெட்டில் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு எலும்பைப் படம் பிடித்து வயது பார்க்கிறார்கள். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அது உதவும். ஏமாற்றாமலே பின்தங்கி நிற்கும் குழந்தையை அந்தப் படம் காட்டித் தராது.

அதை நீங்கள் செய்யலாம், சகோதரிகளே. "உங்கள் பெண் ஓட்டத்தில் கடைசி" என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினால், முகத்தைச் சுளிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அவளோடு ஓடிய மற்றக் குழந்தைகள் எந்த மாதத்தில் பிறந்தவர்கள்?" டிரில் மாஸ்டரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஒரு பென்சில் போதும். கடைசியாக ஓடி வந்தவள்தான் அந்தப் பட்டியலிலேயே இளையவள் என்று தெரிந்தால், அடுத்த வருஷமும் அவளை ஓட விடுங்கள்.