சத்தியம் வாங்கியது போதும், கூட்டம் கூட்டுங்கள்!



வடபேராக்கில் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் நான் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு. கோயில் மட்டும் இருக்கிறது. பால்வெட்டுக்காரர் ஒருவரை மூன்று பேர் இழுத்து வந்து மாரியம்மன் சந்நிதியில் நிறுத்தினார்கள். "இனித் தொடமாட்டேன்" என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். மறுநாள் அவருக்குக் கை நடுங்கிற்று. வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் இரவு சுவரில் பாம்பு ஊர்கிறதென்று அலறினார். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியை அழைத்து வேப்பிலை அடித்தார்கள். விடிவதற்குள் உயிர் போயிற்று. சாமிகுத்தம் என்று பேசி முடித்தார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

சாமிகுத்தமுமில்லை, பேயுமில்லை. வருஷக்கணக்காக அன்றாடம் மிதமிஞ்சிக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். வைத்தியம் இல்லாவிட்டால் சாவும் நேரும். இதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. ஆகவே, நெடுநாள் குடித்தவர் நிறுத்த விரும்பினால் முதலில் போகவேண்டிய இடம் சர்க்கார் கிளினிக். கோயிலுக்குப் பிறகு போகலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கா போகச் சொல்கிறீர்?" என்று கேலி பேசுவோர் உண்டு. 1911-இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனை பேர் வீட்டுக்குள் கிடந்து மாய்கிறார்கள்! உலு கிந்தா பகாகியா ஆஸ்பத்திரி நம் வரிப்பணத்தில் நடப்பது. காலில் கத்தி வெட்டினால் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்படுகிறோமா?

கள்ளை எதிர்ப்பது நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. பட்டாளம் சுட்டது, உயிர்கள் போயின. யுத்தத்துக்குப் பின் கெடாவில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்து 1947-இல் போலீஸ் தடியைத் தாங்கியது. கூலியைக் கொடுத்த கையாலேயே கள்ளை ஊற்றி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது தோட்ட நிர்வாகம். அந்த லாபத்தில் 'தொழிலாளர் நலன்' என்று ஒரு நிதியும் வைத்தது. குடித்தவனின் பிள்ளைக்குக் குடித்தவனின் காசிலேயே நலன்!

அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் கடைக்காரனை எதிர்க்கக் கற்ற நாம், குடித்தவரை என்ன செய்வதென்று கற்கவில்லை. கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. தோட்டம் துண்டாகி, ஜனங்கள் புந்தோங்குக்கும் மலிவுவீட்டு மாடிகளுக்கும் போனார்கள். போத்தலும் கூடவே போயிற்று. 2017 டிசம்பரில் மது வாங்கும் வயது 21 ஆயிற்று. நல்லதுதான். நாற்பது வயதுக்காரருக்கு அதனால் என்ன?

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குத் தரகர் ஒருவரும் டாக்டர் ஒருவரும், இரண்டு பேருமே குடியில் அழிந்துகொண்டிருந்தவர்கள், உட்கார்ந்து பேசினார்கள். குடித்தவன் சொன்னால்தான் குடித்தவன் காது கொடுக்கிறான் என்பது அவர்கள் கண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சந்தா இல்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர் கேட்பார். புத்தி சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இன்றைக்கு மட்டும் குடிக்காதே என்பதே கணக்கு. நம் சூடம் ஆயுள் முழுதுக்கும் சத்தியம் கேட்கிறது!

இந்நாட்டிலும் கோலாலம்பூரில் இத்தகைய கூட்டங்கள் நடக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். சுங்கை சிப்புட்டில் பால் வெட்டியவர் அங்கே போய் என்ன பேசுவார்?

தமிழில் ஆகாதென்று யாரும் சொல்லவேண்டாம். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அவர் பெயரால் ஒரு நிலையம் தொடங்கினார். அந்நிலையத்தார் தஞ்சைச் சீமையின் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய்ச் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். வைத்தியரும் வந்தார், ஊரும் சேர்ந்தது, வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து பேசினார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறிய சீமை ஐயா அது!

"குடிகாரனுக்குக் கூட்டம் ஒரு கேடா?" என்று நம் கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். கல்யாண வீட்டில் போத்தல் பெட்டியை இறக்கி வைப்பவரும் அவரே. அவரைக் கேட்கிறேன்: 1960-இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கிய ஜனங்கள் நாம். வாரம் ஒரு மாலை ஒரு மண்டபத்தைத் திறந்துவிட நம்மால் ஆகாதா?

கேட்பது இவ்வளவே. கிளை மண்டபமோ கோயில் மண்டபமோ, ஒரு மாலை ஒன்றரை மணி நேரம். நாற்காலி பத்து, கோப்பி ஒரு கூஜா. குடியை விட்டவர் ஒருவர் முன்னால் உட்காரட்டும். மனைவிமாருக்கு வேறொரு நாள். செயலாளர் வருகைப் பதிவேடு எடுக்கக்கூடாது. யார் வந்தார் என்பது லயத்துக்கும் எட்டக்கூடாது, இந்தப் பத்திரிகைக்கும் எட்டக்கூடாது. போன வாரம் வந்தவர் இந்த வாரம் குடித்துவிட்டு வந்தாலும் கதவைச் சாத்தக்கூடாது.

அடுத்த கமிட்டியில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். எதிர்ப்பவர்கள் எழுந்து நின்று காரணத்தைச் சொல்லட்டும்.