வாளப்பளம் என்றால் என்ன கெட்டுப்போச்சு?

ஸ்ரீரங்கத்தில் ஏழாவது படிக்கும்போது பக்கத்து பெஞ்சுக்காரன் பாடம் வாசிக்கையில் 'வாளப்பளம்' என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான். 'தமிழ்'னு பத்துத் தடவை சொல்லுடா என்றார் வாத்தியார். பத்துத் தடவையும் 'தமிள்'தான் வந்தது. அதற்குப் பிறகு அவன் வாய்விட்டு வாசித்து நான் கேட்டதில்லை. அவன் அப்பா காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குபவர்.

'ழ வராதவன் தமிழனா?' என்று மேடையிலும் மீமிலும் இன்னமும் கேட்கிறார்கள். மொழிப்பற்றாம். சுத்தப் பொய். அது ஏளனம்.

ள-வுக்கும் ழ-வுக்கும் நுரையீரல் தரும் காற்று ஒன்றுதான், குரல்வளையின் அதிர்வும் ஒன்றுதான். ள-வில் நாக்குநுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். காற்று இரு ஓரமாக வெளியேறும். ழ-வில் வளையும், தொடாது. அவ்வளவுதான். தொல்காப்பியத்தின் பிறப்பியல் பேசுவதும் நாக்கு அண்ணத்தை ஒற்றுகிறதா, வருடுகிறதா என்றுதான். 1999இல் ஷ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளர்களும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. வைத்து ஆராய்ந்தபோது பார்த்ததும் அதே நாக்கைத்தான். யார் உண்மையான தமிழன் என்று இரண்டுமே தீர்ப்பு சொல்லவில்லை.

சரி, ஏளனம் செய்கிறவர்களைக் கேட்கிறேன். உங்கள் பேச்சில் 'அரை'யும் 'அறை'யும் வேறு வேறாகக் கேட்கிறதா? 'ந'வும் 'ன'வும்? தொல்காப்பியர் இவற்றுக்கும் தனித்தனிப் பிறப்பிடம் சொன்னாரே! நம்மில் பெரும்பாலோர் அவற்றைத் தொலைத்து நாளாச்சு. அதற்கு யாரும் சிரிப்பதில்லை. ஏனென்றால் அது எல்லோரும் தொலைத்தது. படித்த வீட்டில் தங்கி, மண்டியில் தேய்ந்த ழ-வுக்கு மட்டும்தான் சிரிப்பு.

'ழ தமிழுக்கு மட்டுமே சொந்தம்' என்பதும் தப்பு. மலையாளத்தில் உயிரோடு இருக்கிறது, கோழிக்கோட்டுக்காரரைக் கேளுங்கள். பழைய கன்னடத்திலும் இருந்தது. பின்னாளில் ள-விலும் ர-விலும் கரைந்துபோனது. அதனால் கன்னடம் செத்துவிடவில்லை.

அப்போ ழ வேண்டாமா? வேண்டும். எனக்கு அந்த ஒலி பிடிக்கும். சொல்லிக் கொடுங்கள். 'ள' சொல்லச் சொல்லி, நுனி மேலே ஒட்டும் முன் நிறுத்தச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் பழகினால் பலருக்கு வந்துவிடும். வராதவரும் தமிழர்தான்.

அன்று அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே வார்த்தை: 'தொடாதே'. அதை யாரும் சொல்லவில்லை. பத்துத் தடவை சொல்லு என்றார்கள்; நாங்கள் சிரித்தோம்.