எரிதம் களையும் வேலை எல்லோருக்கும் பொது

மின்னஞ்சல் குழுமம் நடத்துகிறவர்களிடம் மிகவும் அலுப்பான வேலை எது என்று கேட்டால், சண்டையை விலக்கி வைப்பது என்று சொல்ல மாட்டார்கள். எரிதங்களைக் களைவது என்றுதான் சொல்வார்கள். எரிதம் என்றால் ஸ்பாம், அதாவது கேட்காமலே வந்து குவியும் விளம்பர மடல்.

இந்தத் தொல்லைக்கு வயது அதிகம். 1978 மே மாதம் ஒரு கணினி நிறுவன விற்பனையாளர் ஆர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதைத்தான் முதல் எரிதம் என்கிறார்கள். 2004 ஜனவரியில் பில் கேட்ஸ், இன்னும் 2 ஆண்டுகளில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். தீரவில்லை.

உறுப்பினர் மட்டுமே எழுதலாம் என்று கதவைச் சாத்திவிட்டால் போதாதா? எல்லாக் குழுமங்களுக்கும் அது சரிவராது. கட்டற்ற மென்பொருள் உலகில் மடற்குழுக்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. குனூ திட்டத்தின் மென்பொருள்களுக்கு வழு தெரிவிக்கவென்றே தனி மடற்குழுக்கள் உண்டு. ஒரு பிழையைச் சொல்ல வருகிறவரிடம், முதலில் உறுப்பினராகுங்கள் என்றால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். எனவே கதவு திறந்திருக்க வேண்டும். திறந்த கதவு வழியே எரிதமும் வரும்.

இந்தக் குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேன், உறுப்பினர் அல்லாதவர் மடலை நிறுத்தி வைத்துவிட்டு மட்டுறுத்துநருக்குத் தகவல் சொல்லும். அவர் பார்த்து விட்டால்தான் மடல் உள்ளே போகும். அவரும் சம்பளமில்லாத தன்னார்வலர்தான். அவருக்குத் தேர்வு வரும், கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். நிறுத்தி வைத்த வரிசையில் மாத்திரை விளம்பரங்களும் லாட்டரிப் பரிசுகளும் குவியும். அவற்றுக்கு நடுவில், "உங்கள் நிரல் என் கோப்பை அழித்துவிட்டது" என்று ஒருவர் எழுதிய உண்மையான மடலும் வாரக்கணக்கில் கிடக்கும். தன்னை யாரும் மதிக்கவில்லை என்றுதான் எழுதியவர் நினைப்பார். மறுபடி வரமாட்டார்.

எந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பார்கள். 2001-ல் வந்த ஸ்பாம்அசாசின் போன்ற மென்பொருள்கள் மடலுக்கு மதிப்பெண் போட்டு வடிகட்டுகின்றன. பெரும்பகுதியை அவை பிடித்துவிடும். ஆனால் முதல்முறை எழுதுகிறவரின் தடுமாறும் ஆங்கில மடல் சில நேரம் எரிதம் போலவே தோன்றும். ஓர் எரிதம் தப்பி வந்தால் உறுப்பினருக்கு ஒரு நொடி வீண். நல்ல மடல் தொலைந்தால், தொலைந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே அளவுத் தவறு அல்ல. அதனால் கடைசியில் ஒரு மனிதக் கண் வேண்டும்.

அந்தக் கண் ஒருவருடையதாகவே இருக்க வேண்டுமா? குனூ மடற்குழுக்களுக்காக லிஸ்ட்ஹெல்பர் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். குழுமத்தின் மட்டுறுத்துநருக்குப் போகும் தகவல் ஒரு பொது முகவரிக்கும் போகும். அப்பட்டமான எரிதங்களை நிரலே தள்ளிவிடும். மிச்சத்தை ஒரு சிறு தன்னார்வலர் கூட்டம் பல குழுமங்களுக்கும் சேர்த்துப் பார்க்கும்.

இதில் ஒரு நல்ல உண்மை இருக்கிறது. எரிதத்தை அடையாளம் காணத் துறை அறிவு தேவையில்லை. எழுத்துத் தொகுப்பான் குழுமத்துக்கு வரும் அதே மாத்திரை விளம்பரம்தான் கணித நிரல் குழுமத்துக்கும் வருகிறது. கணிதம் தெரியாதவரும் அதைத் தள்ளலாம். 20 குழுமங்களில் 20 பேர் தனித்தனியே செய்வதை 4 பேர் மாறி மாறிச் செய்தால், ஒருவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது.

வீட்டுச் சாவியை அந்நியரிடம் கொடுப்பதா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் மெயில்மேன் 2.1 பதிப்பில் மட்டுறுத்துநருக்கென்று தனிக் கடவுச்சொல் உண்டு. அதைக்கொண்டு நிறுத்தி வைத்த மடல்களைக் கையாளலாம். குழுமத்தின் அமைப்பை மாற்ற முடியாது. வாசல் சாவி வேறு, பெட்டிச் சாவி வேறு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. எல்லோருக்கும் பொதுவான வேலை யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். அதனால் எல்லைக்கோடு தெளிவாக வேண்டும். எரிதமா இல்லையா என்பது மட்டுமே பொதுக் கூட்டத்தின் வேலை. கடுமையான மடல், தலைப்பை விட்டு விலகிய மடல், சந்தேகமான மடல் எல்லாம் குழுமத்தை நடத்துகிறவருக்கே போக வேண்டும். மற்றவர் வீட்டு விவாதத்தில் அயலார் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒருமுறை அனுமதி பெற்றவரை நேரடியாக எழுத அனுமதித்துவிட்டால், வரிசையும் நாளடைவில் சுருங்கும்.

ஊர்க் கிணற்றைத் தூர் வாருகிறவர் பெயரைத் தண்ணீர் குடிக்கிறவர் யாரும் கேட்பதில்லை. மட்டுறுத்தலும் அப்படித்தான், நன்றாக நடந்தால் கண்ணில் படாது. புகழ் கிடைக்காத வேலையை ஒருவர் தலையிலேயே கட்டினால் ஒருநாள் அவர் போட்டுவிட்டுப் போய்விடுவார். பலர் தோள் கொடுத்தால் முதல் மடல் எழுதும் புதியவருக்கு அன்றைக்கே பதில் கிடைக்கும்.