மலையின் மின்சாரம் மலையில் ஓடட்டும்

2017 நவம்பர் 9ஆம் திகதி அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது நாட்டுக்கு இரண்டு தவணைகள் கொடுத்தார். 2025க்குள் அரசாங்க வாகனங்கள் எல்லாம் ஹைபிரிட் அல்லது மின்சார வாகனங்களாக மாறும். 2040க்குள் இலங்கையில் ஓடும் அத்தனை வாகனங்களும் பெற்றோலையும் டீசலையும் விட்டுவிடும். முதல் தவணை கடந்து போய்விட்டது. நுவரெலியா மாவட்டத்து வீதிகளில் அரச இலச்சினையோடு ஏறி இறங்கும் ஜீப்புகளும் கெப் வண்டிகளும் இன்றும் டீசல் புகையைத்தான் விட்டுச் செல்கின்றன.

அந்த அறிவிப்புக்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் காரணம் விளங்கும். மின்சாரக் கார்களுக்கு வரி குறைந்தது. 2019இல் வாகனங்களுக்குக் காபன் வரி வந்தது. ஓராண்டோடு அதுவும் போனது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி இல்லையென்று வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2022இல், வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்தின் அளவைப் பார்த்து மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அதே ஆண்டில், மோட்டாரின் வலு எத்தனை கிலோவாட் என்ற தகராறில் மின்சாரக் கார்கள் சுங்கத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. இத்தனை மாற்றங்களும் காரைச் சுற்றியே நடந்தன. கார் வாங்கக்கூடியவருக்கு எவ்வளவு வரி, எப்போது அனுமதி என்பதுதான் இதுவரை நம்முடைய மாற்று எரிபொருள் கொள்கை.

றொசல்லையில் நின்று பார்த்தால் போக்குவரத்து என்பது வேறு விஷயம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஒரு சிறிய ரயில் நிலையம். பக்கத்தில் ஹட்டன் - கொழும்பு பிரதான வீதி. பஸ் அந்த வீதியோடு போய்விடும். வீதியிலிருந்து மேட்டுத் தோட்ட டிவிஷனுக்கு ஏறவும் பள்ளத்துத் தொழிலாளர் லயத்துக்கு இறங்கவும் ஆட்டோதான் கதி. காய்ச்சலில் துவளும் குழந்தையை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது ஆட்டோ. சம்பள நாளில் அரிசி மூட்டையையும் மாவையும் ஏற்றி வருவது ஆட்டோ. கொழுந்தை மலையிலிருந்து பெக்டரிக்கு இறக்குவது லொறியும் டிராக்டரும். நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் தோட்டப் பாதைகளில் ஏறி இறங்குபவை எத்தனை, அவை எவ்வளவு எரிக்கின்றன என்பதை வைத்து இதுவரை ஒரு திட்டமும் வந்ததில்லை.

அளக்கும் வழி நம் அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. 2021 டிசம்பரில் 121 ரூபாய்க்கு விற்ற டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய்க்கு வந்தது. பெற்றோல் 470 ரூபாய். ஷெட் வாசலில் நாட்கணக்கில் வரிசை. அப்போது தேசிய எரிபொருள் அட்டை என்ற கியூஆர் முறை வந்தது. எந்த வாகனம், எந்த ஷெட்டில், எந்த நாளில், எத்தனை லீற்றர் அடித்தது என்று ஒவ்வொரு வண்டியும் கணக்கில் ஏறியது. 2023 செப்டம்பர் முதலாம் திகதியோடு அந்த முறை முடிவுக்கு வந்தது.

கணக்கெடுத்த அந்தக் காலத்திலும் மலைக்கு நியாயம் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். மட்டக்களப்பின் சமவெளியில் ஓடும் ஆட்டோவுக்கும் அதே 5 லீற்றர், முதலாம் கியரில் முக்கி முனகி டிவிஷனுக்கு ஏறும் ஆட்டோவுக்கும் அதே 5 லீற்றர். பதிவு செய்த ஆட்டோக்களுக்கு 10 லீற்றராகக் கூட்டியபோது அது மேல் மாகாணத்திலிருந்துதான் தொடங்கியது. ஏற்றத்தில் எண்ணெய் கூடுதலாக எரியும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். பங்கீட்டுப் பட்டியலை எழுதியவர்கள் அதைக் கேட்கவில்லை. அளப்பதோடு கடமை முடிவதில்லை. எங்கே, யாருக்கு, எதற்காக என்று கேட்டு அளந்தால்தான் அந்த எண்ணால் மக்களுக்குப் பயன் உண்டு.

விலையும் ஒரு கொள்கைதான். மண்ணெண்ணெய் ஏழைகளின் எரிபொருள் என்று பல காலம் விலை தாழ்த்தி வைக்கப்பட்டது. டீசல் விலை ஏற ஏற, தனியார் பஸ்களின் தாங்கியில் மண்ணெண்ணெய் கலக்கத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் உயர்த்தினார்கள். பஸ்காரர் டீசலுக்குத் திரும்பலாம். மண்ணெண்ணெய் அடுப்பை நம்பியிருந்த லயத்துக் குடும்பத்துக்குத் திரும்ப இடம் ஏது? எது மலிவோ அதை நோக்கித்தான் வண்டி ஓடும். எதை மலிவாக வைப்பது என்று அரசாங்கம் முடிவு செய்யும்போது, அந்த முடிவு யார் தலையில் விடியும் என்பதையும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

மின்சார வண்டி மலைக்குச் சரிவராது என்று சிலர் சொல்வதுண்டு. உண்மை வேறு. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும். ஏற்றத்துக்கு அதுதான் வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி, ஒரு பகுதியை பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் பெற்றோல் வண்டி பிரேக் கட்டையைத் தேய்த்து வீணாக்கும் சக்தியில் ஒரு பங்கை மின்சார வண்டி மிச்சம் பிடிக்கும்.

மின்சாரம் எங்கிருந்து வரும்? அது இங்கே பிறக்கிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று அது. இந்த மலைகளின் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை, கெனியன், நோர்ட்டன் பிரிட்ஜ், பொல்பிட்டிய, 2012இல் தலவாக்கலைக்கு அருகே மேல் கொத்மலை என்று வரிசை நீண்டது. அந்த நீர்த்தேக்கங்களுக்காகத் தேயிலை மலைகளும் லயங்களும் தண்ணீருக்குள் போயின. இந்த மண் கொடுத்த மின்சாரத்தில் கொழும்பு வெளிச்சமானது. அதே மண்ணில் ஓடும் ஆட்டோ, கப்பலில் வரும் எண்ணெய்க்கு டொலர் கணக்குப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது.

இதில் இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நாட்டின் மின்சாரம் முழுவதும் தண்ணீரிலிருந்து வருவதில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையம் நிலக்கரியில் எரிகிறது. ஆகவே எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பது முக்கியம். 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே மக்களைக் கேட்டது. பகல் வெயிலில் மின்சாரம் மிஞ்சும் காலங்கள் வந்துவிட்டன. மாலை விளக்கேற்றும் வேளையிலோ அது தட்டுப்படுகிறது. ஆட்டோக்கள் பகலில் பல மணி நேரம் ஸ்டாண்டில் சும்மா நிற்கின்றன. அந்த நேரத்துக்கு மலிவு விலை வைத்து, ஸ்டாண்டிலேயே சார்ஜ் கொடுத்தால் மிஞ்சுவதும் வீணாகாது, மாலை நெருக்கடியும் கூடாது.

ஹட்டன் ஸ்டாண்டில் ஒரு தம்பியிடம் இதைப் பேசினேன். அவர் மறுக்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: "கரண்ட் ஆட்டோ எடுக்கலாம் அண்ணே. லயத்துல எங்க சார்ஜ் போடுறது? வண்டிய மேல ரோட்டுல நிப்பாட்டிட்டுத்தானே கீழ இறங்கிப் போறோம்." அந்தக் கேள்விக்குள் மலையகத்தின் முழு வரலாறும் இருக்கிறது. வீட்டு வாசலில் வண்டி நிறுத்த ஒரு துண்டு நிலம் இல்லை. லயத்துப் பழைய வயரிங் ஒரு விளக்குக்கும் ஒரு ரைஸ் குக்கருக்குமே திணறுகிறது. காணி உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் எட்டாது. சொந்த வீட்டில் சார்ஜ் போடலாம் என்று எண்ணி எழுதப்படும் எந்தக் கொள்கையும் லயத்து வாசலுக்கு வந்து சேராது. காணி உரிமை தனிப் பிரச்சினை, வாகனம் தனிப் பிரச்சினை என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிடச் சட்டமே தடையாக இருந்தது. அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. டிவிஷனுக்கு ஒரு பொதுச் சார்ஜ் நிலையம் அமைக்க அம்பகமுவ பிரதேச சபையும் தோட்டக் கம்பனியும் உட்கார்ந்து பேச முடியும். பெக்டரிக் கூரைகள் அகலமானவை. சூரியப் படலம் போட இடம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் துணையோடு பெற்றோல் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டம் நாட்டில் தொடங்கப்பட்டிருக்கிறது. அதன் அடுத்த படி மலைநாட்டில் அமைய வேண்டும். அரசாங்கம் மனம் வைத்தால் ஆட்டோவை மாற்ற முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு: புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை 2008இல் நிறுத்தியதும் இதே நாடுதான்.

அயலையும் பார்ப்போம். நேபாளம் நம்மைப் போலவே சொந்த எண்ணெய் இல்லாத, மலை ஆறுகளில் மின்சாரம் எடுக்கும் நாடு. 2015இல் எல்லை அடைபட்டு எண்ணெய் வராமல் தவித்தார்கள். பின்னர் மின்சார வாகனங்களுக்கு வரியைத் தாழ்த்தினார்கள். இன்று அங்கே புதிதாக இறக்குமதியாகும் நான்கு சக்கரப் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. மலைப் பாதைகளில் மின்சார மைக்ரோ பஸ்கள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் எந்த எரிபொருளில் எத்தனை வண்டிகள் பதிவாகின்றன என்பதை 'வாகன்' இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. காரில் தொடங்காமல் பஸ்ஸில் தொடங்கியதுதான் அங்கே கவனிக்க வேண்டியது.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. எந்த எரிபொருளில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பிரதேச செயலகம் வாரியாக, மும்மொழியிலும் வெளியிட வேண்டும். ஹட்டன், நுவரெலியா ஆட்டோ ஸ்டாண்டுகளில் பகல் நேர மலிவுக் கட்டணத்தில் சார்ஜ் நிலையங்கள் வர வேண்டும். காணி உறுதியைக் கேட்காமல், வண்டியையே பிணையாக ஏற்று மின்சார ஆட்டோவுக்கு அரச வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபை மின்சார பஸ் வாங்கும் நாளில், மலையில் பரீட்சிக்கும் முதல் வண்டிகளில் ஒன்று ஹட்டன் டிப்போவுக்கு வர வேண்டும்.

மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவு விவாதத்தில் சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அதே மூச்சில் இதையும் பேச வேண்டும். தோட்டத்து மக்களே, உங்கள் தோட்டத்தில் எத்தனை ஆட்டோக்கள், எத்தனை லொறிகள், அவை வாரத்துக்கு எத்தனை லீற்றர் எரிக்கின்றன என்று நீங்களே எழுதி, உங்கள் பிரதேச சபை உறுப்பினரின் கையில் கொடுங்கள். அரசாங்கம் கணக்கெடுக்க வரும்வரை காத்திருக்க வேண்டாம்.